தேர்ச் சந்தையும் காளை இலக்கணமும்

திருக்கோயில்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோபுரத்தையும் விமானத்தையும் செப்புத் திருமேனிகளையும் கல்வெட்டுக்களையும் விரித்துரைப்பர். தேர் நிலைக்கு வந்தபின் ஊர்ப்புறத்துப் பொட்டலில் கூடும் மாட்டுச் சந்தையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவோர் அரியர். ஆயினும் அச்சந்தை திருவிழாவின் புறத்தே நின்ற ஒன்றன்று. வெள்ளகோயிலை அடுத்த கண்ணபுரத்தில் சித்திரைத் திங்களில் மாரியம்மன் தேர்த்திருவிழாவோடு ஒட்டியே மாட்டுத்தாவணி கூடுகின்றது. அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலில் ஆடித் திருவிழாவும், திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவும் கால்நடைச் சந்தையோடு சேர்ந்தே நடந்து வந்திருக்கின்றன. உழவன் ஆண்டுக்கொருமுறை அம்மனுக்குப் பொங்கலிட வந்த இடத்திலேயே தன் எருதை மாற்றிக்கொண்டான். தன் வீட்டில் பிறந்த காளைக்கன்றை ஊரார் கண்முன் நிறுத்தி அதன் மதிப்பையும் அறிந்துகொண்டான். ஓர் இளங்காளை சந்தையில் நிறுத்தத்தக்கதா, அன்றா என்று தேரும் கலை இப்பொட்டல்களிலேதான் வளர்ந்தது. அக்கலையின் வரலாற்றில் சிலவற்றைக் கோயிற் பணியில் ஈடுபட்ட அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயிலுக்கும் கால்நடைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களைப் பயின்றோர், முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்னும் கணக்கில் கொடை வழங்கப்பட்டதை அறிவர். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் விளக்கொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாறு விடப்பட்டவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுக்கள் அழகாகக் குறிக்கின்றன. சாவாமலும் மூப்படையாமலும் இருக்கும் ஆடு உலகில் உண்டோ? கிழடு கழிந்தால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி, மந்தையை என்றும் குறையாது காக்க வேண்டும் என்பதே அத்தொடரின் பொருள். அங்ஙனமாயின், எந்தக் கன்றை நிறுத்துவது, எதனைக் கழிப்பது என்று பார்த்தறியும் கண் அந்த இடையர்களுக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். விளக்கு அணையாமல் எரிந்ததற்கு மன்னன் கொடை ஒரு காரணமாயின், மந்தையைத் தேர்ந்து நிரப்பியவன் கண் மற்றொரு காரணம்.

ஏட்டிலும் இக்கலை ஏறியுள்ளது. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில் பசு, காளை இவற்றின் இலக்கணத்துக்கெனவே ஒரு பகுதி வகுத்துள்ளார். உதடு மென்மையாய்ச் செறிந்திருத்தல், மார்பு அகன்றிருத்தல், திமில் ஓங்கியிருத்தல், தோல் மெல்லிதாய்ப் பளபளத்தல், அலைதாடி மெலிந்து சிறுத்திருத்தல், குளம்பு நெருங்கிச் சேர்ந்திருத்தல், வால் நிலத்தைத் தொடுமளவு நீண்டிருத்தல் என அவர் புகழும் உறுப்புநலன்கள் பல. உதடும் அண்ணமும் நாவும் கறுத்த காளை மந்தைக்கு ஆகாது என்கிறார். இவற்றுள் சில நிமித்தம் பற்றியன என்று ஒதுக்கலாம். எனினும் மார்பு, தோல், குளம்பு, அலைதாடி பற்றி அவர் கூறுவனவற்றை இன்றும் கொங்குநாட்டு முதியவர் ஒருவர் கேட்டால் தலையசைத்து ஒப்புவார். ‘விருஷோத்சர்க்கம்’ என்னும் காளைவிடு சடங்கிலும் இலக்கணம் பார்த்தே கன்றைத் தெரிந்தெடுத்தனர். அதற்கு உகந்ததாகச் சொல்லப்படும் ‘நீல விருஷபம்’ பெயரளவில் நீலமே ஒழிய, உடல் சிவந்து, முகமும் வாலும் குளம்பும் கொம்பும் வெளுத்திருப்பது என்பது அன்பர் பலர் அறியாத செய்தி.

இனி, ஏட்டை விட்டுக் காட்டுக்கு வருவோம். கொங்குநாட்டின் காங்கயம் மாடு தமிழகத்து மாட்டினங்களுள் பெரும்புகழ் பெற்றது. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலத்தில், முள்கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக உள்ள மேய்ச்சல் நிலத்தை அவ்வூரார் கொறங்காடு என்பர். மழை குறைந்த அந்நாட்டில் இம்மாடு ஆண்டின் பெரும்பகுதி பட்டிக்குள்ளேயே திறந்தவெளியில் மேய்ந்து வளர்வது. கல்லிலும் சரளையிலும் நடந்து பழகிய கால் ஆதலின் குளம்பு இறுகி விடுகின்றது. கொட்டிலில் கட்டித் தீனியிட்டு வளர்த்த கன்று பார்வைக்குப் பூரித்திருக்கும். நாலு மைல் நடத்தினால் அதன் உண்மை வெளிப்படும்.

காங்கயம் கன்றைத் தேர்வதில் முதல் இடர் நிறத்தில் உள்ளது. பிறக்கும்போது கன்று செந்நிறமாகவே பிறக்கும். ஏறத்தாழ ஆறு திங்கள் அளவில் அச்செம்மை மாறிச் சாம்பல் நிறம் தலையெடுக்கும். பின்னர்க் காளையாயின் திமிலும் முன்புறமும் பின்புறமும் கறுத்து வரும். காயடித்து எருதாக்கினால் அக்கருமை பெரிதும் குறைந்து மயிலை நிறமாகும். காரி, மயிலை, பிள்ளை, செவலை என்று அந்நாட்டார் நிறம் பிரித்து வழங்குவர். ஆகவே மூன்று திங்கட் கன்றைப் பார்த்து, ‘இது நல்ல காரியாகும்’ என்று உறுதி கூறுபவர் கன்றைப் பார்த்துக் கூறுவதில்லை. அதன் தாயையும் தந்தையையும் முன்பே பார்த்திருப்பார். கன்று வாங்கச் செல்பவன் முதலில் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது பழையோர் கொண்ட முறை. இன்று கன்றின் கொம்பை மட்டும் பார்த்து விலை பேசி முடிப்பவர் மிகுந்துவிட்டனர்.

கொம்பு காங்கயத்தின் அணி என்பதில் ஐயமில்லை. அடி பருத்து, விலகி வெளியே சென்று, பின்னோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நோக்க, ஏறத்தாழ ஒரு வட்டத்தை முடிப்பதுபோல் நிற்கும் கொம்பே சிறந்ததெனப் பெறும். ஆனால் இளங்கன்றின் கொம்பு அரும்பு நிலையில் உள்ளது. அது எவ்வாறு வளையும் என்பதை அடியின் பருமனையும் இரு கொம்புகளின் இடைவெளியையும் கொண்டே கருத வேண்டும். சீவியும் எண்ணெய் பூசியும் மெருகேற்றிய கொம்பு கண்ணை மயக்கும். நெற்றி அகன்று தட்டையாயிருத்தல், கண் கரியதாய்ச் சுற்றிலும் மை தீட்டினாற்போன்ற வளையம் கொண்டிருத்தல், காது சிறுத்து நிமிர்ந்திருத்தல் ஆகியன முகத்தில் காணத்தக்கவை. கழுத்து குறுகித் தடித்திருக்க வேண்டும். நுகம் ஏறும் இடம் அது. அலைதாடி மெலிந்து, மார்போடு முடிந்துவிடல் நன்று. கீழ்வயிற்றுத் தோல் தொங்காமல் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொங்கும் தோல் முள்ளிலும் புதரிலும் கிழிந்து புண்ணாகும். நான்கு கால்களிலும் குளம்புக்கு மேலே முன்புறத்தில் கரிய புள்ளி விழுந்திருப்பது இனத்தூய்மையின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

இவை யாவும் கன்றை நிறுத்திப் பார்க்கத்தக்கவை. நடத்திப் பார்ப்பதே பெரிது. பின்னிருந்து பார்த்தால் பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று உரசலாகாது. முன்காலுக்கும் முன்காலுக்கும் இடையே மார்பு அகன்று தெரிய வேண்டும். முன்குளம்பு பதிந்த தடத்திலேயே பின்குளம்பு வந்து விழுமாயின் அந்நடை சிறந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையை உயர்த்தி நடத்துபவன் ஏதோ மறைக்கிறான் என்று ஐயுறுதல் தவறாகாது. கயிற்றைத் தளர்த்தி விட்டாலே கன்று தன் நடை நடக்கும். சந்தையில் மேளம் முழங்கும், அதிர்வேட்டுப் போடுவர், ஆயிரம் பேர் நெருங்குவர். அவ்வாரவாரத்தில் மிரண்டு கயிற்றை அறுக்கும் கன்று எத்துணை வடிவுடையதாயினும் காட்சிக்கு உகந்ததன்று. அங்ஙனமே, தலை தொங்கிச் சோம்பி நிற்பதும் ஆகாது. விழித்த கண்ணும் அடங்கிய உடலுமாக நிற்கும் கன்று அரிது. அதைக் கண்டால் பழகிய தரகன் வாய் பேசாது துண்டை எடுத்து விற்பவன் கைமேல் போர்த்தி விரலால் விலை பேசத் தொடங்கிவிடுவான்.

வயது அறியப் பல்லைப் பார்ப்பர். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. கீழ்வாயில் எட்டு உண்டு. பாற்பல் விழுந்து முதலிணை நிலைப்பல் முளைப்பது ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதளவில். அதன்பின் இணையிணையாக முளைத்து, ஏறத்தாழ நான்கரை, ஐந்து வயதில் எட்டும் நிரம்பிக் ‘கடை சேர்ந்தது’ என்னும் நிலை வரும். தீனியின் வளத்துக்கும் இனத்துக்கும் ஏற்பச் சில திங்கள் முன்பின்னாகும். இருபல் காளை என்று சொல்லி நாற்பல் காளையைக் காட்டுவோரும் உளர். இரண்டு வயதுக் காளைகளோடு மூன்று வயதுக் காளையை நிறுத்தினால் அதன் பருமன் கண்டு பரிசு கொடுப்பவர் ஏமாறக்கூடும். வாயைத் திறந்து பார்ப்பது இத்தகைய வஞ்சத்தினின்று காக்கும். விற்கும் நாட்காலையில் உப்பைத் தின்னக் கொடுத்து வயிறு முட்ட நீர் காட்டி விலாவை நிரப்புவதும் பழைய தந்திரமே.

சுழி பார்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். மயிர்ச்சுழி அமைந்த இடமும் அதன் போக்கும் கொண்டு இராசசுழி, கோபுரச்சுழி, இலட்சுமிச்சுழி, தாமணிச்சுழி, ஏறுபூரான் என நல்லனவும், இறங்குபூரான், பாடைச்சுழி, விலங்குச்சுழி, துடைப்பச்சுழி எனத் தீயனவும் வகுத்துள்ளனர். முதுகின்மேல் பூரான் போன்ற மயிர்வரிசை திமிலை நோக்கி ஏறினால் குடி உயரும் என்றும், இறங்கினால் குடி தாழும் என்றும் நம்புவர். பெரியோர் வழக்கத்தைப் பழிப்பது எம் கருத்தன்று. ஆயினும் காலின் வலிமையையோ மூச்சின் நீளத்தையோ சுழி உரைக்காது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சுழியால் நேர்ந்த தீங்கு வேறிடத்தில் உள்ளது. உறுப்பெல்லாம் குறையற்ற கன்றொன்று சுழி சரியில்லையென்று விலைபோகாது நிற்கும். நல்ல சுழி படைத்த முட்டிக்கால் கன்று கூடுதல் விலைக்குப் போகும். அதன் வழியே அக்குறை அடுத்த தலைமுறைக்கும் இறங்கும்.

இங்கே வரலாற்றின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். சந்தையில் பெரும்விலை பெறுவது உழவுக்கும் வண்டிக்கும் உரிய எருது. ஆகவே ஓர் உழவன் வீட்டில் மிகச் சிறந்த காளைக்கன்று பிறந்தால், அதனைக் காயடித்து, இணை சேர்த்து, நல்ல விலைக்கு விற்பதே அவனுக்கு ஆதாயம். விலைபோகாத கன்று காயடிக்கப்படாமல் ஊர் மந்தையில் திரியும். பசுக்கள் சினையாவது அந்தக் கழிவுக் காளைகளால். சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் திறமையே, சிறந்ததை இனப்பெருக்கத்தினின்று விலக்கும் கருவியாயிற்று என்பது எத்துணை முரண்! லின்லித்கோ பிரபு தலைமையில் அமைந்து 1928-இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மைக் குழுவும் இந்திய நாட்டின் பொலிகாளைக் குறையைப் பெரிதும் ஆராய்ந்தது. சென்னை மாகாணத்தில் 1940-இல் இயற்றப்பெற்ற கால்நடை அபிவிருத்திச் சட்டம், உரிமம் பெற்ற காளையே பொலிவுக்கு நிற்கவும், தகுதியற்றதைக் காயடிக்கவும் வகை செய்தது.

சட்டம் வருமுன்பே இதற்கு இருவகையில் மாற்று இருந்தது. ஒன்று, பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டி. நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் அவர்கள் தம் குலத்தார் பேணிவந்த பெருமந்தையில் சிறந்த காளைகளை விற்பனைக்கென்று இழந்துவிடாமல் பொலிகாளையாக நிறுத்தித் தேர்ந்து பெருக்கினமையால் காங்கயம் இனம் இன்றுள்ள வடிவைப் பெற்றது என்பர். சென்னை மாகாண அரசின் கால்நடைப் பணியில் இருந்த லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேயர் 1936-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல் இன்றும் இத்துறையில் எடுத்துப் பார்க்கப்படுவது.

மற்றொன்று கோயிற் காளை. வேண்டுதலின்பேரில் கோயிலுக்கு விட்ட காளையை எவரும் கட்டார், அடியார், காயடியார். ஊரார் விளைவில் அது வாய்வைத்தாலும் பொறுத்துக்கொள்வர். அதன் உரிமையாளன் தெய்வம் ஆதலின் அதனை விற்பாரும் இலர். ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை. விட்டவன் தன் பட்டியின் தலைக்கன்றை விட்டிருந்தால் ஊர் மந்தையே பத்தாண்டில் உயர்ந்துவிடும். சுழி கெட்டதென்றோ கால் வளைந்ததென்றோ தனக்கு ஆகாததைக் கோயிலில் தள்ளியிருந்தால், அவ்வூர் மாடுகள் அக்குறையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும். ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா’ என்பது நம் பழமொழி. அப்பழமொழி வாங்குகிறவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவன் பல்லையும் காலையும் மார்பையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். பெறுபவனாகிய இறைவன் வாயைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்பதனாலேயே அப்பொறுப்பு இரட்டிக்கின்றது.

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதையும் குறிக்க வேண்டும். சோழநாட்டுக் கடைமடைப் பகுதியின் உம்பளச்சேரி மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்குவதே மரபு. சேற்று வயலில் நெருக்கமாக நின்று உழும் மாட்டுக்குக் கொம்பு இடையூறு. நெற்றிச்சுட்டியும் வெளுத்த காலும் அதற்கு அழகு. காங்கயக் கொம்பை அளக்கும் கோலைக்கொண்டு அங்கே சென்றால் ஒரு மாடும் தேறாது. மைசூரின் அமிருத மகால் மாடோ போர்க்களத்துக்கென்று வளர்க்கப்பட்டது. ஐதர் அலி சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் படைநடத்தியது அவ்வெருதுகளின் விரைவினால் என்று மைசூர் நாட்டு வரலாற்றுக் குறிப்புக்கள் கூறும். அங்கே தேர்வோர் நாடியது ஓட்டத்தையும் நெடுநேர உழைப்பையும். பர்கூர் மலையின் செந்நிற மாடு மலைச்சரிவு ஏறுவதற்கு உரியது. தொழில் எதுவோ அதற்கேற்ப அழகின் இலக்கணம் அமைந்தது என்றால் மிகையாகாது.

அத்தொழில் போனபின் இலக்கணம் என்னாகும்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொங்குநாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்தவை இவ்வெருதுகளே. மின்விசைப் பொறி வந்தது, கவலை நின்றது. உழவுக்கு எந்திரம் வந்தது, பாரவண்டியும் குறைந்தது. பாலுக்கெனக் கலப்பின மாடுகள் பெருகின. கொறங்காடுகள் பலவும் வேறு பயனுக்கு மாறின. எஞ்சியவை ரேக்ளாப் பந்தயமும் சல்லிக்கட்டும் காட்சிச் சந்தையுமே. 2011-இல் காட்சிக்குப் பழக்கலாகாத விலங்குகளின் பட்டியலில் காளை சேர்க்கப்பட்டதும், 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்ததும், 2017 சனவரியில் எழுந்த பெருங்கிளர்ச்சியின்பின் தமிழக அரசு சட்டம் திருத்தியதும், 2023 மே 18-இல் அத்திருத்தத்தை உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்றதும் அன்பர்கள் அறிந்தவையே. அக்கிளர்ச்சியின் பயனாக நகரத்தாரும் நாட்டுமாட்டின் பெயரை அறிந்தனர்; அது நன்றே. ஆனால் அதன்பின் காட்சிகளில் கருநிறமும் கொம்பின் பருமனும் திமிலின் உயரமுமே பேசப்படுகின்றன. காளை ஒரு கல் சுமையை இழுக்குமா என்று கேட்பார் அருகி வருகின்றனர். இழுத்துக் காட்டாத காளைக்குப் பரிசளித்துக்கொண்டே போனால் மூன்று நான்கு தலைமுறையில் கொம்பு மட்டும் நிற்கும், காங்கயம் நிற்காது என்பது எம் துணிபு.

கோயிலுக்குக் கன்று விட எண்ணும் அன்பர்களும், திருவிழாக் காட்சிக்குப் பரிசு வழங்கும் செல்வர்களும் சில செய்யலாம். பரிசை இரண்டாகப் பகுத்து ஒன்றை நிற்கும் அழகுக்கும் மற்றொன்றைப் பாரமிழுக்கும் நடைக்கும் வைக்கலாம். எருதுக்கு அளிக்கும் பரிசைவிடப் பொலிகாளைக்கு அளிப்பது உயர்ந்திருக்கட்டும். அப்போது நல்ல கன்றைக் காயடிக்க உழவன் தயங்குவான். கன்றோடு தாய்ப்பசுவையும் காட்சிக்குக் கொண்டுவரச் சொல்லி, தாய்க்கும் ஒரு சிறு பரிசு கட்டலாம். கன்று பார்க்கச் செல்வதாயின் விடியற்காலையிலேயே செல்க; தண்ணீர் காட்டுமுன் விலா உள்ளபடி தெரியும். கன்றைச் சரளை மண்ணில் நடக்க விடுக, மூக்கணாங்கயிறு தளர்ந்திருக்கட்டும், பின்னே பத்தடி தள்ளி நின்று கால்களை மட்டும் பார்க்க. கொம்பைக் கடைசியாகப் பார்க்கலாம்.